மான்ஸ்டர் மேனுவல்

மான்ஸ்டர் மேனுவல் என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் அமெரிக்க மேசை விளையாட்டில் பயன்படும் கற்பனை உயிரினங்களின் கையேடு ஆகும். கேரி கைகாக்ஸ் எழுதிய இதன் முதற் பதிப்பை டி.எஸ்.ஆர் நிறுவனம் 1977-இல் வெளியிட்டது. டிராகன்கள், பேய்கள், பூதங்கள், பேருருவ விலங்குகள் என 350-க்கும் மேற்பட்டவை அதில் இடம்பெற்றன. இந்தியத் தொன்மங்களிலிருந்து இராட்சதரும் நாகரும் இதில் சேர்க்கப்பட்டனர்.

விளையாட்டில் கையேட்டின் பயன்

இவ்விளையாட்டை 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கினர். இதற்குச் சதுரங்கம் போலப் பலகை கட்டாயமன்று. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்வர். ஒருவர் மட்டும் நடத்துநராக இருந்து இடத்தையும் எதிரிகளையும் விவரிப்பார். முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். குகைக்குள் நுழைந்தவர்கள் முன் ஓர் உயிரினம் தோன்றினால், அது எத்தனை அடி தாங்கும், எதனால் சாகும் என்பவற்றை நடத்துநர் அந்நொடியே அறிந்தாக வேண்டும். அதற்கான நூலே இது.

ஒவ்வொரு உயிரினத்திற்கும் முதலில் ஓர் எண் பட்டியல் தரப்பட்டிருக்கும். எவ்வளவு அரிதாகத் தென்படும், எத்தனை பேராக வரும், கவசத்தின் அளவு, நகரும் வேகம், அறிவுத்திறன், அறச்சார்பு, உடலளவு போன்றவை அதில் அடங்கும். விளக்க உரையும் பலவற்றிற்குப் படமும் உண்டு. கணினி நிரல் எழுதுவோருக்கு இது தரவுத்தளப் பதிவு ஒன்றை நினைவூட்டும்.

எடுத்துக்காட்டாக, 1977 பதிப்பில் இராட்சதனுக்கு 7 உயிர்ப் பகடைகள். எட்டு முகம் கொண்ட பகடையை ஏழு முறை உருட்டிக் கூட்டினால் வருவது அவனது உயிர்ப் புள்ளி. எனவே அது 7 முதல் 56 வரை அமையலாம், சராசரி 31.5 ஆகும். கவச அளவு -4. அக்காலப் பதிப்பில் எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும் என்பதால், இவனை அடிப்பது மிகக் கடினம்.

உயிரினங்களின் மூலங்கள்

கிரேக்கத் தொன்மம், ஐரோப்பிய நாட்டார் கதைகள், புதினங்கள் என மூலங்கள் பல. சில உயிரினங்களின் பிறப்பு வேடிக்கையானது. ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஔல்பேர், இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர் ஆகியவை, ஹாங்காங்கில் செய்யப்பட்ட மலிவான நெகிழிப் பொம்மைகளைப் பார்த்து உருவாக்கப்பட்டவை.

இராட்சதன் வந்த வழி

இராட்சதன் இராமாயணத்திலிருந்து நேராக இந்நூலுக்கு வரவில்லை. கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1974 திசம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியே அதற்கு உடனடி மூலம். அதில் வரும் இராட்சதன், பார்ப்பவர் யாரை நம்புகிறாரோ அவர் உருவில் தோன்றுவான். புனிதமாக்கப்பட்ட அம்பை வில்பொறியால் எய்து அவனைக் கொல்வர். இரண்டு செய்திகளும் கைகாக்ஸின் கையேட்டில் விதிகளாயின. டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில் இராட்சதன் புலித் தலையுடன், மேலங்கி அணிந்து, புகைக்குழலோடு அமர்ந்திருக்கிறான். இப்படமே பின்வந்த பதிப்புகளுக்கெல்லாம் அச்சாயிற்று.

வால்மீகி இராமாயணத்தின் சுந்தர காண்டத்தில், சீதையைக் காவல் காத்த அரக்கியருள் விலங்கு முகம் கொண்டோர் பலர். புலி முகமும் அங்கு உண்டு. ஆனால் அது ஓர் இனத்தின் அடையாளமன்று. இதைவிடப் பெரிய மாற்றம் அறச்சார்பு என்னும் கட்டத்தில் நிகழ்ந்தது. கையேடு இராட்சதர் அனைவரையும் ஒழுங்குசார் தீயோர் என வகைப்படுத்துகிறது. இந்த ஒரு வரியில் இராமனிடம் வந்து சேர்ந்த வீடணனுக்கோ, பாண்டவருக்காகப் போரிட்டு மாண்ட கடோற்கசனுக்கோ இடமில்லை.

செஞ்சி வட்டார ஒப்பீடு

அரக்கரைக் கொல்வதற்கு நிபந்தனை விதிப்பது மேலை விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் முதன்மைத் தலமாக மதிக்கப்படுகிறது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இவ்வட்டாரத்தை மையமாகக் கொண்டது. இங்கு வழங்கும் கதையில், செஞ்சி அரசனைத் துன்புறுத்திய நூறு தலை அசுரனை அழிக்கத் திரௌபதி மீண்டும் தோன்றுகிறாள். அவன் தலை நிலத்தில் விழக்கூடாது. ஆகவே அதை ஏந்துவதற்குப் போத்துராஜா தேவைப்படுகிறார். வில்பொறி அம்பைப் போல் இதுவும் ஒரு விதிதான். ஆனால் இவ்விதி ஓர் ஊரோடும், கையில் தலை ஏந்தி நிற்கும் ஒரு சிலையோடும் பிணைந்துள்ளது. கையேட்டு இராட்சதனை எந்தக் குகையிலும் நிறுத்தலாம்.

இதே வட்டாரத் திருவிழாக்களில் பகாசுரன் வதம் நடித்துக் காட்டப்படுகிறது. வீமன் வண்டிச் சோற்றுடன் ஊர் சுற்றி வருவான். இங்கும் ஒருவர் பாத்திரமேற்கிறார். ஆனால் முடிவைப் பகடை தீர்மானிப்பதில்லை, ஊரார் அனைவருக்கும் அது முன்பே தெரியும்.

பிற்காலப் பதிப்புகள்

ஒயிட் டுவார்ஃப் இதழின் வாசகர்கள் படைத்த உயிரினங்கள் பலவற்றைத் தாங்கி 1981-இல் ஃபீண்ட் ஃபோலியோவும், 1983-இல் மான்ஸ்டர் மேனுவல் இரண்டாம் நூலும் வந்தன. 1989-இல் தாள்களைக் கழற்றிச் சேர்க்கும் கோப்பு வடிவம் முயலப்பட்டது. 1993-இல் அது மீண்டும் கட்டுநூலாயிற்று. டி.எஸ்.ஆர் நிறுவனத்தை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கிய பின் 2000, 2003, 2008, 2014, 2025 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகள் வெளியாயின. அறச்சார்பு ஒரு தொடக்கக் குறிப்பே, நடத்துநர் அதை மாற்றிக்கொள்ளலாம் என 2014 பதிப்பின் முன்னுரை கூறுகிறது. எனினும் அப்பதிப்பு இராட்சதரை நரகிலிருந்து வந்தோராக ஆக்கி, இலங்கையிலிருந்து இன்னும் தொலைவுக்குக் கொண்டுசென்றது.

இந்நிறுவனம் 2000 முதல் தன் விதிகளின் ஒரு பகுதியைத் திறந்த உரிமத்தில் பிறர் பயன்படுத்த அனுமதித்தது. பிகோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்ற சொந்தப் படைப்புகளின் எண் பட்டியல்களை அதில் சேர்க்காமல் தனக்கென வைத்துக்கொண்டது. இராட்சதனும் நாகரும் பொது விதித்தொகுப்பில் உள்ளனர்.