ராஜ்தூத் 350: உதிரிபாகம் தேடியபோது கற்றவை

போன வருஷம் ஒரு ராஜ்தூத் 350 வாங்கினேன். ஓடாத வண்டி. "இன்ஜின்ல கொஞ்சம்தான் வேலை இருக்கு சார், பார்ட்ஸ் எல்லாம் கிடைக்குது" என்றார் விற்றவர். அதில் எது பொய் எது உண்மை என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பதினோரு மாசம் ஆனது. அந்தப் பதினோரு மாசத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய வண்டியைத் திரும்ப ஓட வைக்க நினைக்கும் யாருக்கும் பயன்படும். உங்களுடையது ஆர்டி 350 ஆகத்தான் இருக்கணும் என்றில்லை.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். யமஹா 1973-ல் வெளியிட்ட ஆர்டி 350-ஐ உரிமம் வாங்கி, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ஃபரிதாபாத்தில் தயாரித்தது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர். ஜப்பான் வண்டி 39 குதிரைத்திறன். நம்ம ஊருக்காக அதைக் குறைத்தார்கள். முதலில் வந்த 'ஹை டார்க்' வகை (ஆர்டி பிரியர்கள் ஹெச்டி என்பார்கள்) 30.5 குதிரைத்திறன், மைலேஜுக்காகப் பின்னால் வந்த 'லோ டார்க்' வகை, அதாவது எல்டி, 27. முன்சக்கரத்தில் ஜப்பான் வண்டிக்கு டிஸ்க் பிரேக், நம்முடையதுக்கு டிரம். அப்படியும் மைலேஜும் விலையும் அன்றைய குடும்பஸ்தர்களைப் பயமுறுத்தின. 1985-ல் ஆர்எக்ஸ் 100 வந்தது. எண்பதுகள் முடியும்போது 350-யின் கதையும் முடிந்தது.

அதாவது, நாம் தேடுவது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நின்றுபோன தயாரிப்பின் பாகங்களை.

எல்லாப் பாகமும் அரிதானது அல்ல

நான் செய்த முதல் தப்பு, வேண்டியதையெல்லாம் ஒரே பட்டியலாக எழுதி, புதுப்பேட்டையில் கடை கடையாக நீட்டியது. "ஆர்டி 350-க்கு கிராங்க் பேரிங் இருக்கா அண்ணே?" என்று கேட்டால் "இல்ல" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும், இல்லையென்றால் வாயில் வந்த விலையைச் சொல்வார்கள். வண்டிப் பெயரைச் சொன்னவுடனே விலை ஏறுகிறது.

யமஹாவின் பாக எண்ணைப் படிக்கக் கற்றதும் நிலைமை மாறியது. அந்த எண் மூன்று துண்டுகளாக இருக்கும். முதல் துண்டு, அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதன் குறியீடு. நடுவில் உள்ள ஐந்து இலக்கங்கள், அது என்ன பாகம் என்பது. 11631 என்றால் பிஸ்டன், 11181 என்றால் ஹெட் கேஸ்கட். கடைசித் துண்டு திருத்த எண். எங்கள் தொழில் பாஷையில் வெர்ஷன் நம்பர்.

இதில் இரண்டு லாபம். ஒன்று, முதல் துண்டு வேறு மாடலைக் காட்டினால், அந்தப் பாகம் அண்ணன் தம்பி வண்டிகளிலும் இருக்கிறது என்று அர்த்தம். ஆர்டி 350-க்கு முன் யமஹா விற்ற ஆர்5-இலும் இதே 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக்தான். ரீட் வால்வும் ஆறாவது கியரும் பிறகு சேர்ந்தவை. அதனால் வெளிநாட்டுக் கடைகளில் தேடும்போது ஒரு பெயரோடு நிற்கக்கூடாது. இரண்டாவது, 93 என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலும் பேரிங், ஆயில் சீல், ஓ ரிங் மாதிரி பொதுப் பாகங்கள். இவற்றுக்கு அளவுதான் பெயர். பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணையும், சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமனையும் குறித்துக்கொண்டு நேராக பேரிங் கடைக்குப் போனால், எந்த வண்டி என்று அவர் கேட்கவே மாட்டார். ஆனால் பேரிங்குக்கு எண்ணோடு சேர்ந்த சி3 போன்ற பின்னொட்டும் முக்கியம். அது உள்ளே விடும் இடைவெளியைச் சொல்வது; அதை விட்டுவிட்டு வாங்கினால் சூட்டில் பேரிங் இறுகும்.

என் பட்டியலில் பாதிக்கு மேல் இப்படியே தீர்ந்தது.

பழையது நல்லது, ரப்பரைத் தவிர

அடுத்த பாடம் கொஞ்சம் காசு கொடுத்துக் கற்றது. கிராங்க்கின் இரண்டு முனையிலும் வரும் ஆயில் சீல், ஜப்பான் ஒரிஜினல், கவர் பிரிக்காதது என்று ஒருவர் கொடுத்தார். சந்தோஷமாக வாங்கி வந்தேன். மெக்கானிக் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கல்லு மாதிரி இருக்கு சார், போட்டா ஒரு மாசம் தாங்காது."

டூ ஸ்ட்ரோக்கில் இந்தச் சீல் ஏன் உயிர்நாடி? பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைதான் காற்றையும் பெட்ரோலையும் இழுத்துத் தள்ளும் பம்ப். ஆர்டி 350-ல் சிலிண்டருக்கு ஒரு தனி அறை. இடது பக்கச் சீல் விட்டால், அந்த அறை வெளிக்காற்றை உறிஞ்சும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும் அல்லது ஓட்டையாகும். வலது பக்கச் சீல் விட்டால், கிளட்ச் பக்கம் இருக்கும் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். பின்னால் வெள்ளைப் புகை மண்டும். வலது பக்கம் சத்தம் போட்டுச் சொல்லும், இடது பக்கம் சொல்லாமல் கொல்லும்.

முப்பத்தைந்து வருஷம் டப்பாவில் தூங்கிய ரப்பர் ஓடாமலேயே கிழடாகிவிடும். இரும்புக்கு அந்தக் கதி இல்லை. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்த ஒரிஜினல் கியர் இன்றும் புதுசுதான். அதனால் எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி: உலோகம் என்றால் பழைய ஒரிஜினலைத் தேடு, ரப்பர் என்றால் போன வருஷம் தயாரித்ததை வாங்கு. பெட்ரோல் டியூப், டாங்க் காக், கார்புரேட்டர் ஓ ரிங் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எண்பதுகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

ஒரு பிளாக்குக்கு எத்தனை ஆயுள்?

உண்மையிலேயே அரிதானவை சில உண்டு. பிளாக், கிராங்க், கேஸ், ஒரிஜினல் சைலன்சர். இதில் பிளாக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என்னை அதிகம் அலையவிட்டது அதுதான்.

ஆர்டி பிளாக் அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ். தேய்ந்தால் போர் பண்ணி, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடலாம். கம்பெனி அளவு 64.00. அதன்பின் 64.25, 64.50, 64.75, 65.00. பாக எண்ணிலும் இது தெரியும்: 11635 என்றால் முதல் ஓவர்சைஸ், 11636 இரண்டாவது. ஆக, பிறந்த பிளாக்குக்கு நான்கு மறுபிறவி. அதற்குப் பிறகு ஸ்லீவையே மாற்றணும், அதை ஒழுங்காகச் செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதனால் பிளாக் வாங்கும்போது "நல்லாருக்கா?" என்று கேட்பது வீண். "எந்த சைஸ்ல இருக்கு?" என்று கேட்கணும். பதிலை நம்பாமல் போர் கேஜ் வைத்து அளக்கணும். பட்டறையில் அவசரத்துக்கு 64.25-லிருந்து ஒரே தாவாக 64.75-க்குப் போர் பண்ணுவது உண்டு, கையில் அந்தப் பிஸ்டன்தான் இருந்தது என்பதற்காக. ஒரு ஆயுள் அங்கேயே போச்சு. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கு ஏற்றபடிதான் போர் பண்ணணும். இடைவெளி மி.மீ.யின் நூறில் சில பங்கு. டப்பாவில் எழுதியிருக்கும் அளவை நம்பிப் பண்ணும் விஷயம் இல்லை.

என் வண்டியைப் பிரித்தபோது இடது பிளாக் 64.25. வலது 64.75. இது எப்படி என்று யோசித்துக்கொண்டே, பிளாக்கின் மேல்முகத்திலிருந்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பு வரை வெர்னியர் வைத்து அளந்தேன். இரண்டும் ஒன்றாக இல்லை. மேல்முகத்தைத் தேய்த்திருப்பார்களோ என்று மொத்த உயரத்தையும் அளந்தேன். அது சரியாகத்தான் இருந்தது. போர்ட் மட்டும் வேறு. மெக்கானிக் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "ரெண்டும் ஒரே அம்மா வயித்துப் பிள்ளை இல்ல சார்." இடது எல்டி, வலது ஹெச்டி. எப்போதோ ஒரு பிளாக் போய், கிடைத்ததை மாட்டி வண்டியை விற்றிருக்கிறார்கள். போர்ட் உயரம்தான் புகை எப்போது வெளியேறணும் என்று தீர்மானிக்கிறது. இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் கார்புரேட்டரை எத்தனை தரம் டியூன் பண்ணினாலும் வண்டி இழுபறிதான்.

எளிதான வழி ஒன்று இருந்தது: எல்டி போர்ட்டை அரத்தால் ராவி, ஹெச்டி அளவுக்குக் கொண்டுவருவது. சோழவரம் பந்தயங்களில் ஆர்டி ஓடிய காலத்திலிருந்து நம்ம ஊரில் தெரிந்த கைவேலைதான் அது. ஆனால் ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. மிச்சமிருக்கும் எல்டி பிளாக்குகளில் ஒன்று குறையும். அதோடு, 64.75-ல் தேய்ந்துபோன வலது பக்கத்துக்குச் சமமாக இடதையும் 65.00-க்குக் கொண்டுபோகணும். இரண்டுக்கும் அதுதான் கடைசிப் பிறவி.

ஆர்சி புத்தகத்தில் வருஷத்தைப் பார்த்தேன். என் வண்டி எல்டியாகப் பிறந்தது. அப்புறம் எதற்கு ஹெச்டி ஆசை என்று மனசைத் தேற்றிக்கொண்டு, வலது எல்டி பிளாக் தேட ஆரம்பித்தேன். விளம்பரம் போட்டது 'வேண்டும்' என்று அல்ல, 'மாற்றிக்கொள்ளலாம்' என்று. என்னிடம் வலது ஹெச்டி இருக்கிறது, வலது எல்டி யாரிடம் இருக்கிறது? ஐந்தாவது மாசம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். அவர் கதை என் கதையின் கண்ணாடி: ஹெச்டி வண்டியில் வலது பக்கம் மட்டும் எல்டி. அதுவும் 64.25-ல் தேய்ந்தது. அவருடைய இடது பிளாக் 64.75.

இரண்டு பேரும் பார்சலில் அனுப்பி மாற்றிக்கொண்டோம். பணம் கைமாறவில்லை. என் இரண்டு பிளாக்கும் இப்போது 64.50, இன்னும் இரண்டு தரம் போர் பண்ண இடம் இருக்கிறது. அவருக்குக் கடைசி அளவான 65.00-தான், ஆனால் ஜோடி சேர்ந்துவிட்டது.

வாங்கக் கூடாதது

கடைசியாக ஒன்று. எண் ராவப்பட்ட இன்ஜின் கேஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். அது யாரோ ஒருவருடைய திருடுபோன வண்டியாக இருக்கலாம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிடுவார்கள். அங்கே மாட்டினால் பதினோரு மாச உழைப்பும் ஷெட்டிலேயே நிற்கும். அதேபோல, பேப்பர் சரியாக இருக்கும் முழு வண்டியை வாங்கிப் பாகத்துக்காகப் பிரிப்பதும் வேண்டாம். இன்றைக்கு அது ஓடாது என்பது மட்டும்தான் அதன் குறை. நான் வாங்கியபோது என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

கோயம்புத்தூர்க்காரர் போன வாரம் திரும்பப் போன் பண்ணினார். வண்டி ஓடுகிறதாம், இடது சைடு பேனல் மட்டும் கிடைக்கவில்லையாம். என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.