தமனிகளின் வயதை அளத்தல்

ஒருவரின் பிறந்த தேதி காட்டும் வயதும், அவருடைய தமனிகள் எய்தியுள்ள வயதும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. நாற்பது வயதினர் ஒருவரின் தமனிகள், அறுபது வயதினருக்குரிய விறைப்பை அடைந்திருத்தல் கூடும். உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவை இம்முதுமையை விரைவுபடுத்துகின்றன. வெளித்தோற்றத்தால் அறிய இயலாத இம்மாறுதலை நாடியலைகளைக் கொண்டு அளக்கும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

அலையும் இரத்தமும்

இருதயம் சுருங்கும்பொழுது பெருந்தமனியின் சுவர் விரிந்து கொடுக்கிறது. அவ்விரிவு ஓர் அலையாகத் தமனிகளின் வழியே ஓடுகிறது. மணிக்கட்டில் உணரப்படும் நாடி இதுவேயாகும். அலையின் வேகம் வேறு, இரத்தம் ஓடும் வேகம் வேறு. ரேணிகுண்டா சந்திப்பில் நிற்கும் சரக்கு வண்டித் தொடரை எஞ்சின் ஒரு முனையில் இடித்தால், பெட்டிகள் சிறிதே நகர்கின்றன. அதிர்ச்சியோ கடைசிப் பெட்டி வரை விரைந்து செல்கிறது. நாடியலையும் அவ்வாறே இரத்தத்தை முந்திச் செல்கிறது.

மென்மையான குழாயில் அலை மெதுவாகவும், விறைப்பான குழாயில் விரைவாகவும் செல்லும். இங்கிலாந்தில் தாமஸ் யங் 1808இல் இதனை ஆராய்ந்தார். 1878இல் மோயன்ஸ், கோர்ட்டவெக் என்னும் டச்சு விஞ்ஞானிகள் இதற்குச் சமன்பாடு அமைத்தனர். அலைவேகத்தின் வர்க்கம், சுவரின் விறைப்பு, தடிப்பு ஆகியவற்றுக்கு நேர்விகிதத்திலும், குழாயின் விட்டம், இரத்தத்தின் அடர்த்தி ஆகியவற்றுக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும்.

ஆண்டொன்றுக்கு மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட துடிப்புகளைத் தாங்கும் தமனிச் சுவரில், மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் நாளடைவில் அறுபடுகின்றன. எளிதில் நீளாத கொலாஜன் இழைகள் சுமையை ஏற்கின்றன. இதுவே விறைப்புக்கு முக்கிய காரணமாகும்.

அளக்கும் முறை

கழுத்திலும் தொடையிடுக்கிலும் நாடியலை வந்து சேரும் நேர வேறுபாடு அளக்கப்படுகிறது. இடைப்பட்ட தூரத்தை அந்நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். கணக்கிற்குரிய தூரம் 0.5 மீட்டர், நேரம் 0.08 விநாடி எனில், வேகம் விநாடிக்கு 6.25 மீட்டர், நேரம் 0.05 விநாடியாகக் குறைந்தால் வேகம் 10 மீட்டராகிறது. முன்னது இளமைக்குரியது, 10 மீட்டருக்கு மேற்பட்ட வேகம் எச்சரிக்கைக்குரியது.

அளவுக்கு முன் பத்து நிமிடமாவது படுத்து ஓய்வு கொள்ளுதல் வேண்டும். அலிபிரியிலிருந்து ஏறக்குறைய 3,550 படிகள் ஏறித் திருமலை சேர்ந்த யாத்திரிகரை உடனே அளந்தால், உயர்ந்துள்ள அழுத்தம் தமனியை இறுக்கி, வேகத்தை மிகைப்படுத்திக் காட்டும்.

திரும்பி வரும் அலை

தமனிகள் கிளைக்கும் இடங்களில் அலையின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. அழுத்த அலையையும் ஓட்ட அலையையும் ஒருங்கே அளந்தால், முன்செல்லும் அலையையும் திரும்பும் அலையையும் பிரித்தறியலாம். இளமையில் திரும்பும் அலை இருதயம் ஓய்வு கொள்ளும்பொழுது வந்து, இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாய்களுக்குத் துணை செய்கிறது. விறைத்த தமனிகளிலோ அது முன்னதாகவே வந்து, இருதயம் சுருங்கும்பொழுதே எதிர்க்கிறது. ஆகவே மேல் அழுத்தம் உயர்கிறது. கீழ் அழுத்தம் தாழ்கிறது.

பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமதுவின் பேரர் பிரெடரிக் அக்பர் முகமது, 1870களில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் நாடியலைகளை வரைந்து, உயர்ந்த அழுத்தத்தில் அவற்றின் வடிவம் மாறுவதைக் காட்டினார். நம் நாட்டில் இன்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், படமெடுக்காமல் கேளா ஒலியால் கழுத்துத் தமனியின் அசைவை அளக்கும் ‘ஆர்ட்சென்ஸ்’ என்னும் கருவி உருவாக்கப்பட்டுள்ளது.

களப்பணியாளர் கவனத்திற்கு

இக்கருவிகள் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் ஒவ்வொரு சிற்றூரையும் எட்டும்வரை காத்திருத்தல் வேண்டுவதில்லை. சாதாரண இரத்த அழுத்தமானியே ஒரு குறிப்பைத் தருகிறது. 120/80 எனில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 40. 160/70 எனில் 90. முதியவர்களிடம் இவ்வேறுபாடு 60ஐத் தாண்டுதல் தமனி விறைப்பின் அடையாளமாகலாம். கீழ் அழுத்தம் தாழ்ந்திருப்பதைக் கண்டு, மேல் அழுத்தத்தை வயதின் இயல்பென ஒதுக்கிவிடுதல் தவறாகும். பக்கவாதமும் இருதயத் தளர்ச்சியும் இத்தகையோரையே மிகுதியாகத் தாக்குகின்றன. இரண்டு எண்களையும் தவறாது குறித்து, அவர்களை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். உப்பைக் குறைத்தல், புகையிலையை விடுதல், நாள்தோறும் நடத்தல், மருந்தை இடைவிடாது உட்கொள்ளுதல் ஆகியவற்றால் தமனிகளின் முதுமையைத் தாமதப்படுத்த இயலும் என்பதை மக்களுக்கு உணர்த்துதல் ஆசிரியர்களின் பணியாகும்.