தென்னாட்டின் பழைய மரக்குடி

கொடைக்கானலிலும் உதகையிலும் அணிவகுத்து நிற்கும் பைன் மரங்களைக் கண்டு, அவ்வர்க்கம் நம் மலைகளுக்கு இயல்பாகவே வாய்த்தது என்று எண்ணுவோர் பலர். அவையோ அந்நிய தேசங்களிலிருந்து வித்துக் கொணர்ந்து வளர்க்கப்பட்டவை. இமயச் சரிவுகளிலே தேவதாருவும் பைனும் காடு காடாகச் செழித்திருக்க, தென்னிந்தியாவில் தானே முளைத்துத் தானே வளரும் ஊசியிலை வர்க்கத்து மரம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஈரம் உலராத பசுமைமாறாக் காடுகளில் வாழும் அதற்குத் தாவர சாஸ்திரிகள் இட்ட நாமம் நாகேயா வாலிச்சியானா.

ஊசியிலை வர்க்கம் என்ற பெயரைக் கேட்டு இதைத் தேடிச் செல்பவர் அருகில் நின்றும் அறியாமல் திரும்பக்கூடும். இதன் இலை அகன்றது; நடுநரம்பு இல்லாமல், அடியிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் பல இணையாக ஓடுவது. பைனுக்கு உள்ளதுபோன்ற கட்டைக் கூம்பும் இதற்கில்லை. சதைப்பற்றுள்ள உறை மூடிய விதை தனித்துத் தொங்கும். ஆயினும் பூவும் சூலகமும் இன்றி விதை உண்டாகும் முறையும், மரக்கட்டையின் நுண்ணமைப்பும் இதன் குலத்தை ஐயமற உணர்த்துகின்றன. போடோகார்ப்பேசி எனப்படும் அக்குடும்பத்தார் நியூசிலாந்து, டாஸ்மேனியா, சிலி, தென்னாப்பிரிக்கா முதலிய தென்கோள நாடுகளிலே மிகுந்திருப்பது, அந்நிலங்களெல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டியிருந்த காலத்தை நினைப்பூட்டுகிறது.

இக்குலம் தமிழகத்தில் கல்லாகவும் கிடக்கிறது என்பதே என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், கற்றூண்களைச் சரித்துப் போட்டாற்போலக் கிடக்கும் மரங்களைப் பற்றிப் பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னெரா 1781ஆம் ஆண்டிலேயே குறித்திருக்கிறார். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன், வெள்ளம் புரட்டிக் கொணர்ந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. வேரும் கிளையும் பெரும்பாலும் இன்றி அடிமரமாகவே கிடைப்பது அதற்குச் சான்று. மண்ணினூடே கசிந்த நீர் தன்னில் கரைந்திருந்த சிலிகாவை மரத்தின் அணுஅறைகள்தோறும் படியவிட்டதால், மரப்பொருள் மறைந்தும் அதன் வடிவம் அழியாமல் நின்றது. அக்கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், பூக்கும் மரங்களில் நீர்க்குழல்களின் பெருந்துளைகள் காணப்படும். ஊசியிலை வர்க்கத்திலோ அத்துளைகள் இராமல், ஒரே சீரான சிற்றறைகளே வரிசையாக நிற்கும். இந்தியத் தொல்தாவரவியலின் மூலபுருஷரான பீர்பால் சாஹ்னி, 1931இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இப்பகுதிக் கல்மரம் ஒன்றை மெசெம்பிரியோசைலான் ஷ்மிடியானம் என வகைப்படுத்தினார். போடோகார்ப்பேசி மரங்களின் கட்டையை ஒத்தது அது.

மலைமேல் வாழும் நாகேயாவுக்கு இக்கல்மரம் நேர் மூதாதை என்று துணிவதற்கு ஆதாரம் இல்லை. நெருங்கிய உறவென்று கொள்ளலாம். திருவக்கரையில் கிடைத்த கல்மரங்களில் மிகப் பல பூக்கும் மரங்களே. ஊசியிலை வர்க்கத்தவை சிலவே. மலையில் நாகேயாவும் தனிக்காடாக வளர்வதில்லை, அகன்ற இலையுடைய பூமரங்களின் கூட்டத்திலேதான் இன்றும் கலந்து நிற்கிறது.