உடைச்சுப் பாரு குட்டி!

சிலப்பதிகாரம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ‘ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, இயற்றியவர் இளங்கோவடிகள்’. அதாவது, ரெண்டு மார்க்! மூணு காண்டம், முப்பது காதைனு ஒப்பிச்சுட்டு, பரீட்சை ஹாலைவிட்டு வெளியே வந்ததுமே மறந்துட்டோம். இப்போ உங்க அக்கா பொண்ணு மடியில வந்து உட்கார்ந்து, ‘கதை சொல்லு’ன்னா என்ன பண்ணுவீங்க? அந்த ரெண்டு மார்க்கையா எடுத்து விடுவீங்க?

பேசாம ஒரு முழம் பழைய பிளாஸ்டிக் ட்யூப் தேடுங்க பாஸ். ரெண்டா வெட்டுங்க. ஒண்ணுல பத்து சிவப்பு மணி, இன்னொண்ணுல பத்து வெள்ளை மணி. ரெண்டும் ஒரே சைஸா இருக்கணும், அது ரொம்ப முக்கியம். ட்யூப்பை வளையமா வளைச்சு, முனைகளை டேப் போட்டு ஒட்டி, மேலே வெள்ளிக் காகிதம் சுத்திடுங்க. சிலம்பு ரெடி! (மூணு வயசுக்குக் கீழே உள்ள வாண்டுங்க மணியை வாயில போட்டுக்கும், ஜாக்கிரதை. குன்றிமணி வேண்டவே வேண்டாம், அது விஷம்.)

ரெண்டையும் குலுக்கச் சொல்லிட்டு, ‘எது கண்ணகியோடது, எது பாண்டியன் ராணியோடது?’னு கேளுங்க. முழிக்கும். சத்தம் ஒண்ணு, பளபளப்பும் ஒண்ணு. கதையோட முடிச்சே அங்கேதான் இருக்கு. ராணி சிலம்பைத் திருடினவன் பொற்கொல்லன். அதே மாதிரி ஒரு சிலம்பை விற்க வந்த கோவலன் மேல பழியைப் போடுறான். ராஜா விசாரிக்கலை, கொலைக்கு உத்தரவு போட்டுட்டார். கண்ணகி சபைக்கு வந்து, ‘என் சிலம்புக்குள்ள இருக்கிறது மாணிக்கம்’கிறா. ‘எங்களோடது முத்து’ங்கிறார் ராஜா. இந்த இடத்துல நிறுத்திட்டு, குழந்தை கையில கத்தரிக்கோலைக் கொடுங்க. அதுவே வெட்டட்டும். சிவப்பு மணி தரையில உருளும்போது அந்த முகத்தைப் பார்க்கணுமே!

எங்க தெருவுல ஒரு மூணாங்கிளாஸ் பொண்ணு, உருண்ட மணியைப் பொறுக்கிக்கிட்டே கேட்டா: ‘‘ஏண்ணா, இதை முதல்லயே உடைச்சுப் பார்த்திருக்கலாம்ல?’’

பத்து வருஷம் தமிழ் படிச்ச நான் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. எங்க லேப்ல பத்து ரூபாய் சர்க்யூட்டைக்கூட டெஸ்ட் பண்ணாம ஓகே சொல்ல மாட்டோம். இங்கே போனது ஒரு உசுரு.

படப் புத்தகம் வாங்கப் போறீங்களா? முதல்ல சிலம்பு படத்தைப் பாருங்க. மெல்லிசா கொலுசு வரைஞ்சிருந்தா கீழே வெச்சிடுங்க. உள்ளே கூடு இருந்தாத்தானே பரல் போட முடியும்? அப்புறம் கடைசிப் பக்கம். ‘குழந்தைங்க பயப்படும்’னு கோவலன் சாவையும் மதுரை எரியறதையும் மழுப்பியிருந்தா, எனக்கு அதுல உடன்பாடில்லை. கோவலன் சாகலைன்னா கண்ணகி எதுக்குக் கோபப்படணும்? ரத்தத்தை வரைய வேண்டாம், நடந்ததைச் சொல்லலாமே.

ஓலைச்சுவடியில கிடந்த இந்தக் காப்பியத்தை உ.வே.சாமிநாதையர் 1892-ல் அச்சுல கொண்டுவந்தார். 1973-ல் பூம்புகார்ல திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்துல மொத்தக் கதையையும் கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க. லீவுக்கு அந்தப் பக்கம் போனா வாண்டுகளையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க வாயே திறக்க வேண்டாம், அதுங்க உங்களுக்குக் கதை சொல்லும்.

ஆங்... ட்யூப் கொஞ்சம் எக்ஸ்ட்ராவா வாங்கிக்கோங்க. முதல் சிலம்பு உடைஞ்ச அடுத்த நிமிஷமே, ‘இன்னொரு தடவை’ம்பாங்க!