முடுக்குதற்கும் ஓர் அளவுண்டு

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. சேர்வராயன் மலைமேல் மாரமங்கலம் முதலிய சிற்றூர்களில் வாழ்வோர் அவ்வழியே நகருக்கு இறங்குங்கால், பேருந்தின் பிரேக்கை நம்பி அமர்ந்திருக்கின்றனர். பிரேக்கு எத்துணை நன்றாயிருப்பினும், சக்கரத்தை வண்டியோடு பிணித்திருப்பவை எட்டோ பத்தோ நட்டுகளே. அவை தளர்ந்தால் சக்கரம் ஆடும். அளவுக்கு மிஞ்சி முடுக்கப்பட்டால் ஆணி நீண்டு, என்றேனும் ஒரு நாள் ஒடியும். ஆதலின், ஒரு நட்டை எவ்வளவு முடுக்குவது என்னும் வினா சிறிதுபோல் தோன்றினும், பலருடைய உயிர் அதனைச் சார்ந்துள்ளது.

போல்ட்டை வெறும் ஆணியென்று கருதுவது பிழை. அஃது ஒரு வில். நட்டை முடுக்குங்கால் அது மயிரிழையளவு நீளுகின்றது. நீண்டது சுருங்க முயல்வதால், இடையிலுள்ள இரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று அழுத்தப்படுகின்றன. பிணைப்பின் வலிமை யாவும் இவ்விழுப்பிலேயே உள்ளது. ஆனால் இழுப்பை நாம் நேரே காண இயலாது. கருவியைப் பிடித்த கைக்குப் புலப்படுவது முறுக்குவிசை ஒன்றே. 1884-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் தாம்சன் என்னும் பொறியியல் அறிஞர் இதற்கு ஆங்கிலத்தில் ‘டார்க்’ என்று பெயரிட்டார்.

வேண்டுவது இழுப்பு, அளக்கக் கூடுவது முறுக்கு. இவ்விரண்டிற்கும் இடையே உராய்வு நிற்கின்றது. நாம் செலுத்தும் முறுக்கில் ஏறக்குறையப் பாதி நட்டின் அடியில் உராய்வாகவும், நூற்றுக்கு நாற்பது பங்கு மரையில் உராய்வாகவும் கழிந்துபோக, பத்துப் பங்கே ஆணியை இழுக்கப் பயன்படுகின்றது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 12 மில்லிமீட்டர் தடிப்பும் 8.8 என்னும் வகுப்பும் உள்ள ஒரு போல்ட்டை, 1 மீட்டர் நீளக் கோலின் நுனியில் 9 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் முறுக்கால் முடுக்குவதாகக் கொள்வோம். மரை உலர்ந்திருப்பின் ஏறக்குறைய 3,700 கிலோ எடைக்கு ஒத்த இழுப்பு உண்டாகும். அதே மரையில் எண்ணெய் தடவியிருப்பின், அதே முறுக்கால் இழுப்பு ஏறக்குறைய 5,000 கிலோவை எட்டும். நிலையாக நீண்டுவிடாமல் அவ்வாணி தாங்கக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுவே. ஒரு துளி எண்ணெய் செய்யும் வேறுபாடு இத்துணை.

இனிக் கருவிகளின் வரலாற்றைக் காண்போம். நியூயார்க்கு நகரத்துக் குடிநீர்த் துறையில் பணிபுரிந்த கான்ராடு பார் என்பார், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகள் மிகையாய் முடுக்கப்படுவதைத் தவிர்க்க, 1918-இல் முறுக்கை அளக்கும் ஸ்பானர் ஒன்றை ஆக்கினார் என்பர். 1931-இல் ஜான் ஷார்ப் என்பவர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். குறித்த அளவு வந்ததும் உள்ளிருக்கும் சுருள்வில் விட்டுக்கொடுத்துக் ‘கிளிக்’ என ஒலிக்கும் ஸ்பானரை இன்று பட்டறைகள் பலவற்றிலும் காணலாம்.

நிற்க, தொழிற்சாலைகள் பெருகின. நம் நாட்டிலும் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரால் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்டு ஆன நிறுவனத்தின் எண்ணூர்த் தொழிற்சாலை போன்றவை வாகனங்களைக் கோக்கலாயின. கணக்கற்ற நட்டுகளைக் கையால் முடுக்குவது எளிதன்று; ஆகவே காற்றாலும் மின்சாரத்தாலும் இயங்கும் கருவிகள் வேண்டியிருந்தன. அவற்றுள் ஒன்று சம்மட்டிபோல் அடித்தடித்து முடுக்குவது. சாலையோரப் பட்டறையில் நாம் கேட்கும் ‘டடடட’ ஒலி அதனுடையதே. துருப்பிடித்த நட்டைக் கழற்ற அது மிக நல்லது. முடுக்குவதிலோ, விசையைப் பிடித்த நேரமும், காற்றின் அழுத்தமும், மரையின் நிலையும் மாறுந்தோறும் முறுக்கும் மாறும். அதற்கு வலிமையுண்டு, அளவில்லை.

இக்குறையை நீக்க முதலில் வந்த உபாயம் கிளட்ச். குறித்த முறுக்கு வந்ததும் வில்லால் அழுத்தப்பட்ட பற்கள் நழுவும். நல்ல கருவியில் காற்றின் வழியும் அப்பொழுதே அடைபடும். ஆயினும், கருவியின் சுழலும் பாகம் உடனே நில்லாது. தன் வேகத்தால் சிறிது மிகையாய் முடுக்கிவிடும். அன்றியும், கிளட்ச் அளவைக் கட்டுப்படுத்துமேயன்றி, எவ்வளவு முடுக்கினோம் என்று கூறாது.

அளந்து கூறும் ஆற்றல் ஒரு மெல்லிய கம்பியால் வந்தது. கம்பியை இழுத்தால் அது நீண்டு மெலிந்து, அதன் மின்தடை மிகும். இவ்வியல்பைக் கொண்டு 1938-இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்னும் இருவர், ஒருவரையொருவர் சாராமல், ஒட்டி அளக்கும் சாதனத்தை அமைத்தனர். அதனைக் கருவியின் அச்சில் ஒட்டினால், அச்சு முறுகும் அளவு மின்குறியாக வெளிப்படும். இன்றைய மின்கருவி அக்குறியை நொடிதோறும் கண்டு, தக்க தருணத்தில் மோட்டாரை நிறுத்தி, ஒவ்வொரு நட்டின் அளவையும் பதிவு செய்து வைக்கின்றது.

இதன்பின்னும் உராய்வு என்னும் பகைவன் நீங்கவில்லை. அவனை வெல்லக் கண்ட வழி கோணம். முதலில் சிறு முறுக்கால் பாகங்களைப் பொருந்தச் செய்து, அதன்பின் நட்டைக் குறித்த கோணம் திருப்புவர். மரையின் இடைவெளி மாறாததாதலின், எண்ணெய் இருப்பினும் இல்லாவிடினும் ஆணி ஏறக்குறைய ஒரே அளவே நீளும். எஃகுப் பாலங்களின் போல்ட்டுகளையும் இம்முறையால் முடுக்குவதுண்டு. தேர்ந்த மின்கருவி முறுக்கையும் கோணத்தையும் ஒருங்கே நோக்குகின்றது. முறுக்கு வந்தும் கோணம் குறைந்திருப்பின், மரை பழுதென்றோ பிழையாய் ஏறியதென்றோ அது எச்சரிக்கும்.

இத்துணைக் கருவிகள் வந்தும் மனிதனுடைய கடமை ஒழியவில்லை. சக்கரம் மாற்றுவோர் துருவையும் மண்ணையும் துடைத்து, செய்தோர் சொல்லாவிடின் எண்ணெய் பூசாது, நட்டுகளை எதிரெதிர் வரிசையில் பொருத்தி, இறுதி முடுக்கத்தை அளவு ஸ்பானரால் செய்தல் வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் பாகங்கள் அமர்ந்து இழுப்புக் குறையுமாதலால், மீண்டும் சோதித்தலும் இன்றியமையாதது. இவற்றைச் செய்யாது விடுவோனைப் பயணிகள் அறியார், செய்வோனையும் அறியார். ஆயினும், மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் அவனுடைய நேர்மையையே நம்பிச் செல்கின்றனர். நாளை பொறியியல் துறை புகும் நம் மாணவர்கள், கருவியின் வலிமையை வியப்பதோடு நில்லாமல், அதன் அளவையும் கேட்பார்களாக.