மலையேறும் காரில் 'கிண் கிண்' ஓசை ஏன்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பழைய அம்பாஸடர் காரில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஐந்து பேர். டிக்கி நிறையச் சாமான். ஏற்றத்தில் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார். உடனே எஞ்சினிலிருந்து, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல 'கிண் கிண்' என்ற ஓசை எழுகிறது. கியரைக் குறைத்ததும் ஓசை நின்றுவிடுகிறது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் காரில் இருக்கும் ஒருவர்.

அப்படி விட்டுவிடலாமா? கூடாது. அந்த ஓசை எஞ்சின் விடும் எச்சரிக்கை. மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனில் ஓட்டையே விழக்கூடும். இது எப்படி உண்டாகிறது, காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போமா?

சீராக எரிதல்

அந்தக் காலத்து அம்பாஸடரின் பெட்ரோல் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. அதில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் குறுக்களவும் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். ஒரு தேநீர்க் குவளையின் வாயளவு என்று சொல்லலாம். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை இதற்குள் வருகிறது. பிஸ்டன் மேலே ஏறி அதை அமுக்குகிறது. ஸ்பார்க் பிளக் ஒரு தீப்பொறியை உண்டாக்குகிறது.

கலவை குண்டுபோல் ஒரே சமயத்தில் வெடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. காய்ந்த புல்வெளியில் ஒரு மூலையில் வைத்த தீ பரவுவதுபோல, பிளக்கின் அருகே தொடங்கும் தீ மறுபக்கம் வரை ஒழுங்காகப் பரவுகிறது. இதற்குச் சிறிது நேரம் ஆகும். நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழே வருவதற்கு ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. ஆகவே, பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே தீப்பொறி விழுமாறு வைத்திருக்கிறார்கள். இதைத்தான் 'டைமிங்' என்கிறோம்.

ஓசை பிறக்கும் விதம்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அமுக்கப்பட்ட வாயு சூடேறும். சிலிண்டரில் தீ பரவும்போது, எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாமல் மூலையில் இருக்கும் கலவையை மேலும் அமுக்குகிறது. அந்த மிச்சக் கலவை அளவுமீறிச் சூடேறினால், தீ வந்து சேருமுன் தானாகவே ஒரே கணத்தில் எரிந்துவிடும். இப்போதுதான் உண்மையான வெடிப்பு! அதனால் எழும் அழுத்த அலைகள் சிலிண்டர்ச் சுவர்களில் மோதி, வினாடிக்குப் பல ஆயிரம் முறை அதிர்கின்றன. அந்த அதிர்வே நாம் கேட்கும் ஓசை.

இதனால் என்ன கேடு? பிஸ்டனின் தலைமேல் மெல்லிய வாயுப் படலம் ஒன்று போர்வைபோல் படிந்து, வெப்பத்திலிருந்து அதைக் காக்கிறது. அழுத்த அலைகள் இப்போர்வையைக் கிழித்துவிடுகின்றன. உள்ளே வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசுக்கும் மேல். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். பிஸ்டன் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனது. பிறகு சொல்ல வேண்டுமா?

மெலிந்த கலவை

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று இதைவிட மிகுந்தால் மெலிந்த கலவை. குறைந்தால் செறிந்த கலவை. ஏற்றத்தில் முழு ஆற்றலும் தேவைப்படும்போது, கார்புரேட்டர் வேண்டுமென்றே செறிந்த கலவையைத் தருகிறது. கூடுதலான பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே விதியால்தான். பெட்ரோல் குறைந்தால் இந்தக் குளிர்ச்சியும் குறையும். மிச்சக் கலவை தானே எரிந்துவிட இடம் ஏற்படும்.

துப்பறிவோம்

மருத்துவர் எடுத்த எடுப்பில் மருந்து கொடுப்பதில்லை. முதலில் கேள்வி கேட்கிறார். நாமும் அப்படியே செய்வோம்.

முதல் கேள்வி: ஓசை எப்போது வருகிறது? பாரம் ஏறும்போது மட்டும் வந்து, கியரைக் குறைத்தால் மறைகிறதா? அப்படியானால் நாக்கிங்தான். நின்ற இடத்திலும் எஞ்சினின் வேகத்துக்கேற்ப 'டிக் டிக்' என்று கேட்டால், அது வால்வுகளின் இடைவெளி கூடியதாக இருக்கலாம்.

இரண்டாவது: எஞ்சின் அளவுமீறிச் சூடாகிறதா? ரேடியேட்டரில் நீர் குறைந்தாலும், எரியறையில் கரி படிந்தாலும் நாக்கிங் வரும். சாவியைத் திருப்பி அணைத்த பின்னும் எஞ்சின் சில கணங்கள் குலுங்கி ஓடினால், உள்ளே கரி கனன்றுகொண்டிருக்கலாம்.

மூன்றாவது: டைமிங் சரியா? தீப்பொறி அளவுக்குமேல் முந்தி விழுந்தால் அழுத்தம் சீக்கிரம் உச்சத்தை எட்டி, நாக்கிங் உண்டாகும். இதை மெக்கானிக் டைமிங் விளக்கால் பார்த்துச் சொல்வார்.

நான்காவது: ஸ்பார்க் பிளக்கின் நிறம் என்ன? வெளிர் பழுப்பு நலம். கரி படிந்த கறுப்பு, செறிந்த கலவையைக் காட்டும். சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால், மெலிந்த கலவை என்று ஐயப்படலாம். வெள்ளைப் பீங்கானில் மினுமினுக்கும் உலோகத் துகள்கள் தெரிந்தால், பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள்; வண்டியை அதன்பின் ஓட்டக் கூடாது.

ஐந்தாவது: சூடான எஞ்சினில் சோக்கைச் சிறிது இழுத்தால் என்ன ஆகிறது? சோக் காற்றைக் குறைத்துக் கலவையைச் செறிவாக்கும். நலமான எஞ்சின் தடுமாறும். மெலிந்த கலவையில் தவிக்கும் எஞ்சினோ சீராக ஓடத் தொடங்கும்!

ஒட்டையா, அடைப்பா?

கலவை மெலிந்திருப்பது தெரிந்துவிட்டது. இரண்டே வழிகளில் இது நேரும்: காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது; அல்லது பெட்ரோல் குறைவாக வருகிறது. எது என்று எப்படி அறிவது?

எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கார்புரேட்டரின் கதவு ஏறத்தாழ மூடியிருப்பதால், அதற்குக் கீழே உறிஞ்சுவிசை அதிகம். வெடித்த ரப்பர் குழாய், தேய்ந்த கேஸ்கட் வழியாக அப்போதுதான் காற்று மிகுதியாக நுழையும். எனவே, நின்ற நிலையில் எஞ்சின் தடுமாறி, வேகமெடுத்ததும் சரியானால், காற்றுக் கசிவைத் தேடுங்கள். மாறாக, நின்ற நிலையில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் திணறி நாக் அடித்தால், ஜெட்டில் தூசி, அடைபட்ட வடிகட்டி, தளர்ந்த பெட்ரோல் பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஏற்காட்டுப் பாதையில் ஓசை எழுப்பிய நம் காரில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

பெட்ரோலின் பங்கு

நாக்கிங்கைத் தாங்கும் திறனை 'ஆக்டேன் எண்' காட்டுகிறது. இதை உயர்த்த, பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கலாம் என்று 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி கண்டார். எஞ்சின்களின் ஓசை அடங்கியது. ஆனால் புகையில் வந்த ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இந்தியா 2000-ல் அதை நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியாவில் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் 2021-ல் தீர்ந்தது.

இன்று பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் நாக்கிங்கை நன்கு தாங்கும். ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ 35 விழுக்காடு ஆக்சிஜன். ஒரு கிலோ எரிய 9 கிலோ காற்றே போதும். ஆகவே இக்கலப்புக்கு 14.7-க்குப் பதில் சுமார் 13.5 கிலோ காற்று போதுமானது. புதிய கார்களின் கணினி இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. அதே ஜெட், அதே காற்று. கலவை மட்டும் தானாக மெலிந்துவிடுகிறது. காலையில் எளிதில் உயிர் பெறாமை, வேகமெடுக்கையில் தயங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். சற்றுப் பெரிய ஜெட்டைப் பொருத்தி மெக்கானிக் இதைச் சரிசெய்யலாம்.

நண்பர்களே, சூடான எஞ்சின் அருகே பெட்ரோல் குழாய்களைத் தொடாதீர்கள்; அது பயிற்சி பெற்றவர் வேலை. ஆனால் கேட்பதும் குறித்துக்கொள்வதும் உங்களால் முடியும். எந்த கியரில், எந்த ஏற்றத்தில், சூடாகும் முன்பா பின்பா என்று எழுதிக் கொடுங்கள். "ஏதோ சத்தம் வருகிறது" என்று சொல்வதைவிட, அந்தக் குறிப்பு மெக்கானிக்குக்குப் பெரிதும் உதவும். ஒரு பிஸ்டனையும் காப்பாற்றும்.