அதிகம் மேற்கோள் காட்டப்பட்டால் அது நல்ல ஆய்வா? மதனப்பள்ளி சொல்லும் கணக்கு

பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் இருந்தவர் டாக்டர் ஃப்ரிமொட்-மோலர். 1950-களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிசிஜி தடுப்பூசியைச் சோதித்தார்.

முடிவு என்ன?

ஊசி போட்டுக்கொண்ட 5,069 பேரில் 33 பேருக்குக் காசநோய் வந்தது. போடாத 5,808 பேரில் 47 பேருக்கு. அதாவது ஆயிரத்துக்கு 6.5, 8.1. பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம் ஏன் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள்?

1994-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்த 13 சோதனைகளில் இதுவும் ஒன்று. மொத்தமாகப் பார்த்தால் ஊசி நோய் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது. இதுபோன்ற சுமாரான முடிவுகளை விட்டிருந்தால், ஊசி இன்னும் பலமானதாகத் தெரிந்திருக்கும். ஆர் மென்பொருளில் மெட்டா அனாலிசிஸ் பழகுபவர்கள் இன்றும் இதே எண்களைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஆக, ஓர் ஆய்வு எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது என்பதை மேற்கோள் எண்ணிக்கை சொல்லும். மருந்து வேலை செய்ததா என்று தெரிய, 33, 47 மாதிரி எண்களைத்தான் பார்க்கணும்.